முறை சொல்லி அழுதவள்

செம்மங்குப்பத்தில் வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர் யாராக இருந்தாலும் இந்திக்காரர்தான். ஒரியாக்காரன், பெங்காலிக்காரன், பீகார்க்காரன் என்று பிரித்துப் பார்க்கிற பொறுமை ஊரில் எவருக்கும் கிடையாது. கம்பெனிச் சங்கு ஊதினால் கூட்டமாகப் போவார்கள், மறுபடி ஊதினால் கூட்டமாகத் திரும்புவார்கள். அவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சினிமாவில் கேட்ட நாலு இந்தி வார்த்தையை வைத்து ஒப்பேற்றிக்கொள்வதுதான் வழக்கம். அந்த நாலு வார்த்தை அவர்களுக்கும் புரியாமல் இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

முத்தம்மாளுக்கும் தோன்றவில்லை. அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறவள். பிறந்தது காடாம்புலியூர் பக்கம், முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிய குடும்பம். செம்மங்குப்பம் காலனியில் சின்னையனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மகன் அன்பரசு பிளஸ் ஒன் படிக்கும்போது சின்னையன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அதற்குப் பிறகு கேன்டீன் கத்திதான் அந்தப் பையனைக் கல்லூரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது அன்பரசு சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி, மனைவி சுவேதாவோடு அங்கேயே வாடகை வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் அம்மாவைப் பார்க்க வருவான்.

முத்தம்மாளின் வீட்டுக்குப் பின்னால், காலனியும் ஊர்த்தெருவும் முட்டிக்கொள்கிற இடத்தில், புஷ்பவள்ளியின் லைன் வீடு இருக்கிறது. புஷ்பவள்ளி ஊர்த்தெருக்காரி, நிலம் நீச்சு உள்ளவள். வரிசையாகத் தகரக் கூரை போட்டு அறை அறையாகக் கட்டி வடக்கத்தியர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். அதில் ஓர் அறைக்குத்தான் லக்கானும் அவன் பெண்டாட்டி சோனாமுனியும் வந்து சேர்ந்தார்கள். ஜார்க்கண்டில் தும்கா பக்கம். இரண்டு பேருக்கும் சின்ன வயது. அவன் கம்பெனியில் மூட்டை தூக்கினான், அவள் அதே கம்பெனியில் பெருக்கினாள்.

வந்த புதிதில் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாயடிக்கு வந்த சோனாமுனியைப் பார்த்து முத்தம்மாள் தனக்குத் தெரிந்த இந்தியை எடுத்து விட்டாள்.

“பானி? பானி ஓணுமா?”

அந்தப் பெண் விழித்தாள். பிறகு குழாயைக் காட்டி, “தாக்” என்றாள்.

தாகம் என்றுதான் முத்தம்மாளுக்குக் கேட்டது. “பாவம், தாகமா இருக்குதாம்” என்று வீட்டுக்குள் ஓடி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சோனாமுனி வாங்கிக் குடித்துவிட்டு, குடத்திலும் பிடித்துக்கொண்டு போனாள். அவர்கள் மொழியில் தண்ணீருக்கே ‘தாக்’ என்றுதான் பெயர். அந்த மொழி இந்தி இல்லை, சந்தாலி. இதெல்லாம் தெரியாமலேயே அன்றைக்கு இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். அதிலிருந்து குழாயடியில் சோனாமுனி தாக் என்பாள், முத்தம்மாள் தாகமா என்பாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவ்வளவுதான் பழக்கம்.

முத்தம்மாளைப் பற்றி இன்னொன்று சொல்லாவிட்டால் அவளைப் பற்றி ஒன்றுமே சொன்னதாகாது. ஒப்பாரியில் அவளுக்கு நிகர் அந்த வட்டாரத்தில் இல்லை. கடலூர் தொடங்கி ஆலப்பாக்கம் வரைக்கும் அவளைக் கூப்பிட ஆள் வரும். ஒப்பாரி என்றால் நினைத்தபடி கத்தி அழுவது என்று படித்தவர்கள் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. செத்தவருக்கும் அழுகிறவளுக்கும் என்ன முறை என்று தெரிந்தால்தான் முதல் அடியே வாயில் வரும். தாயாக அழுகிற பாட்டு வேறு, தங்கையாக அழுகிற பாட்டு வேறு, மருமகள் அழுகிற பாட்டில் கொஞ்சம் பழைய கணக்கும் இருக்கும். சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் முத்தம்மாள் கேட்கிற முதல் கேள்வி, “எனக்கு என்னா மொற ஆவணும்?” என்பதுதான். முறையைச் சொன்னால் உட்கார்ந்து, துக்கக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்துப் பாட்டை எடுத்துக் கொடுப்பாள். வாயடைத்துக் கிடந்தவளும் அழுதுவிடுவாள்.

அது ஏன் முக்கியம் என்பதை முத்தம்மாள் தன் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டாள். ஊருக்கெல்லாம் பாடியவளுக்குச் சின்னையன் செத்த அன்று சத்தமே வரவில்லை. நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே எடுத்துக் கொடுக்கிற துணிச்சல் காலனியில் யாருக்கும் இல்லை. கடலோரத்திலிருந்து மீன் விற்க வந்த ஒருத்தி தெருவில் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். யார் எவள் என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு, தங்கச்சி என்று முறை வைத்து ஆரம்பித்தாள். முத்தம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த மீன்காரியை அதற்குப் பிறகு அவள் பார்க்கவே இல்லை.

ஊர்த்தெரு சாவுகளில் மட்டும் வழக்கம் வேறு. அங்கே முத்தம்மாள் பந்தலுக்கு வெளியே, தெருவில் நின்று பாட வேண்டும். முறை கேட்கக் கூடாது. கட்டிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். குரல் உள்ளே போகலாம், ஆள் போகக் கூடாது. முத்தம்மாளின் தாயும் அப்படித்தான் நின்றாள். கூப்பிட்டால் போக வேண்டும் என்பது அந்தக் காலம், இப்போது அப்படிக் கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கூப்பிட்டால் போய்விடுவாள். பாட்டு என்றால் அவளுக்கு அப்படி.

புஷ்பவள்ளியின் மாமியார் இறந்தபோதும் போய்த் தெருவில் நின்றாள். வெயிலில் வேர்த்துக் கொட்ட, தலைமுடி அவிழ்ந்து விழ, மார்பில் அடித்துக்கொண்டு பாடினாள். துக்கத்துக்கு வந்திருந்த எவனோ அதை செல்போனில் பிடித்து, இடையிடையே சினிமா காமெடிச் சத்தத்தைச் சேர்த்து, எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். அது சுற்றிச் சுற்றிச் சிதம்பரத்துக்கும் போனது. அன்பரசு கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் அந்தக் குரல் கேட்டது. பையன்கள் சிரித்தார்கள். வாத்தியாரின் அம்மா என்று தெரிந்து சிரித்தார்களா, தெரியாமல் சிரித்தார்களா என்பதை அவன் கடைசி வரைக்கும் விசாரிக்கவில்லை.

அந்த ஞாயிறு வந்தவன் சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, செல்போனை எடுத்து அம்மாவுக்குக் காட்டினான். முத்தம்மாள் முழுதும் பார்த்தாள்.

“நீ பாடுறது தப்புன்னு நான் சொல்லலம்மா. நீ தெருவுல நின்னு பாடுற பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல.”

“கூப்புட்டா எப்புடிடா போவாம இருக்கறது?”

“பாடறதில்லன்னு சொல்லு. இந்தத் தெரு, அந்தத் தெருன்னு பிரிச்சா உன்ன விடமாட்டாங்க. எங்கியுமே பாடறதில்லன்னு சொல்லிடு.” அம்மாவின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். “சத்தியம் பண்ணு.”

பெற்ற மகன் தலையில் கை வைத்துச் செய்கிற சத்தியம் எப்பேர்ப்பட்டது என்று முத்தம்மாளுக்குத் தெரியும். அது தவறினால் செய்தவளை விட்டுவிடும், தலை யாருடையதோ அவனைப் பிடிக்கும். ஆனாலும் செய்தாள். அவன் முகத்தைப் பார்த்தபோது செய்யாமல் இருக்க முடியவில்லை. அதற்கப்புறம் எவர் வந்து கூப்பிட்டாலும், தொண்டையில் புண் என்று சொல்லி அனுப்பினாள். சொந்தக்காரர் சாவுக்குப் போனாலும் ஓரமாக உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள். பாடாமல் இருந்ததில் அவளுக்கு உடம்பே சரியில்லாமல் போனது. அதை மகனிடம் சொல்லவில்லை.

ஆடி மாதக் கடைசியில் லக்கானுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தான். ஒருநாள் எழுந்திருக்கவில்லை. சோனாமுனி வந்து முத்தம்மாளின் கதவைத் தட்டி, பேச்சு வராமல், கையைப் பிடித்து இழுத்தாள். அவனைத் தூக்கி ஆம்புலன்ஸில் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முத்தம்மாள் மகனுக்குப் போன் போட்டு, “நம்ம கொழாயடிப் பொண்ணுடா, ஒத்தையில வருது, போயி நில்லு” என்றாள். சோனாமுனியின் போனிலும் அவன் நம்பரைப் பதிந்து கொடுத்தாள். அன்பரசு போய் நின்றான். பள்ளி முடிந்ததும் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளி என்று அலைந்தான். டாக்டர்கள் ஆன மட்டும் பார்த்தார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். லக்கான் கண்ணைத் திறக்காமலே போய்விட்டான்.

உடலைத் தும்காவுக்குக் கொண்டுபோக வழியில்லை. ஊரிலிருந்து அவன் அண்ணன் ரயிலேறிவிட்டான், தான் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே காரியத்தை முடித்துவிடுங்கள் என்று போனில் சொல்லிவிட்டான். காலனிச் சுடுகாட்டில் எரிப்பது என்று காலனிக்காரர்கள் முடிவு செய்தார்கள். ஊர்ச் சுடுகாட்டைக் கேட்டுப் பார்க்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது கேட்காமலே தெரியும்.

முற்பகலில் ஆம்புலன்ஸ் வந்தது. முன் சீட்டில் அன்பரசு. பின்னால் உடலோடு சோனாமுனியும், லக்கானோடு வேலை செய்த சுனிலும். சுனில் அவர்கள் பக்கத்து ஆள்தான், கொஞ்சம் முன்னாலேயே வந்தவன் என்பதால் தமிழ் அரைகுறையாக வரும். லைன் வீட்டு வாசலில் ஃப்ரீசர் பெட்டியை வைத்து உடலைக் கிடத்தினார்கள். சோனாமுனி கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லையாம், வழியிலும் அழவில்லையாம். தண்ணீர் கொடுத்தால் உதட்டில் பட்டு வழிந்தது. அவளோடு வேலை செய்கிற வடக்கத்திப் பெண்கள் சிலர் வந்து பேசிப் பார்த்தார்கள், அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

காலனிப் பெண்கள் சுற்றி நின்றார்கள். சாவு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான், இந்தச் சாவில் கை ஓடவில்லை. என்ன சொல்லி அழுவது? எந்த ஊர், எந்த ஜனம், என்ன பேர் வைத்துக் கூப்பிடுவது?

“இப்புடியே உட்டா புத்தி பேதலிச்சிடும்” என்றாள் ஒருத்தி. “கண்ணப் பாரு, எங்கியோ போயிட்டா.”

புஷ்பவள்ளியும் வந்திருந்தாள். தன் இடத்தில் நடந்த சாவு, வராமல் இருக்க முடியாது. தெருவோரமாக நின்றுகொண்டிருந்தவள் முத்தம்மாளைப் பார்த்துச் சொன்னாள்: “முத்தம்மா, நீ ரெண்டு வார்த்த எடுத்துக் குடேன். அழுதுருவா.”

எல்லோரும் முத்தம்மாளைப் பார்த்தார்கள். முத்தம்மாள் மகனைப் பார்த்தாள்.

அன்பரசு ஆம்புலன்ஸ் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தவன், பேச்சை நிறுத்திவிட்டு நின்றான். அவனுக்கும் கேட்டது. பாடு என்றும் சொல்லவில்லை, பாடாதே என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். சரியாக முத்தம்மாள் கை வைத்த இடம், அந்த உச்சந்தலைதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

“என் தொண்ட சரியில்ல” என்றாள் முத்தம்மாள்.

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று திரும்பினாள். திரும்பியவளுக்கு அந்தப் பெண்ணின் கை கண்ணில் பட்டது. கண்ணாடியின் குளிரில் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன, எடுக்காமல் வைத்திருந்தாள். சின்னையன் கிடந்த அன்று தன் கையும் அவன் காலை அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தது என்பது முத்தம்மாளுக்கு ஞாபகம் வந்தது. கூடையை இறக்கி வைத்த அந்த மீன்காரியும் ஞாபகம் வந்தாள். தெருவில் போகிறவள் அவள், போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

சாமி, எம்மவன் தலைய ஒண்ணும் பண்ணிடாத, எதுவா இருந்தாலும் என்னக் கேளு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு முத்தம்மாள் சோனாமுனியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தும் முதல் அடி வரவில்லை. முறை தெரியவில்லையே. அக்காளா? அண்ணியா? எதை வைத்துப் பார்த்தாலும் வாய்க்குள்ளேயே நின்றது. அந்தப் பெண்ணுக்கு இங்கே யார் இல்லாமல் போனதால் இப்படிக் கல்லாக உட்கார்ந்திருக்கிறாள் என்று யோசித்தாள். யோசித்ததும் முறை கிடைத்துவிட்டது. அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு எடுத்தாள்:

“பெத்த தாயி தூரத்துல – எம்மவளே
பேசறதுக்கு நாதியில்ல
ரயிலேறி வந்த புள்ள – எம்மவளே
நடுவழியில் நின்னதென்ன

வேலைக்குச் சங்கூதும் – எம்மவளே
விடியுமுன்னே எழுந்து வந்தான்
சாவுக்குச் சங்கூத – எம்மவளே
சத்தங்கேட்டு எழும்பலியே…”

நாள்கணக்கில் அடைத்துக் கிடந்த குரல். முதலில் கரகரத்தது, பிறகு திறந்துகொண்டது. ஒவ்வொரு அடியிலும் ‘எம்மவளே’ என்ற இடத்தில் இழுத்து, கீழே இறக்கி, மூச்சு முடிகிற இடத்தில் விட்டாள். சோனாமுனியின் உடம்பு விறைப்பாகவே இருந்தது. அந்த இழுப்பு திரும்பத் திரும்ப வந்தபோது அவள் மூச்சு அதோடு ஏறி இறங்க ஆரம்பித்தது. முத்தம்மாளின் தோளுக்கு அது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அந்த இழுப்பு முடிந்த இடத்திலிருந்து, அதே சுருதியில், சோனாமுனியின் வாய் திறந்தது.

“ஆயோ…”

“ஐயோன்னுட்டா” என்றாள் நின்றிருந்த ஒருத்தி. “தமிழ்லியே சொல்லிட்டா பாரு. அழுதுட்டா, இனிமே பயம் இல்ல.”

ஆயோ, ஆயோ என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அவள் மொழியில் நீளமாக ஏதோ சொல்லி அழுதாள். அதற்கும் ஒரு மெட்டு இருந்தது. மேலே ஒரு இடத்தில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசியில் ‘ஆயோ’ என்று வந்து நின்றது. முத்தம்மாளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் மூச்சு எங்கே முடிகிறது என்பது தெரிந்தது. அந்த இடத்தில் தன் பாட்டை எடுத்தாள். அவள் முடித்த இடத்தில் சோனாமுனி எடுத்தாள். வடக்கத்திப் பெண்கள் வந்து அந்தப் பக்கம் கட்டிக்கொண்டார்கள், காலனிப் பெண்கள் இந்தப் பக்கம் கட்டிக்கொண்டார்கள். ஒரு பாதி எம்மவளே என்றது, ஒரு பாதி ஆயோ என்றது, இரண்டும் ஒரே இடத்தில் இறங்கி நின்றன. முத்தம்மாள் அன்றைக்கு லக்கானுக்கு மட்டும் அழவில்லை. சின்னையனுக்கும் தாய்க்கும் சேர்த்து அழுதாள்.

நடுவில் முதுகில் ஒரு கை வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் புஷ்பவள்ளி. தெருவோரத்திலிருந்து எப்போது உள்ளே வந்தாள், எப்போது தரையில் உட்கார்ந்தாள் என்று தெரியாது. முத்தம்மாளைக் கட்டிக்கொண்டு, தன் மாமியார் சாவில் கூட அழாத அழுகை அழுதாள். அதற்குப் பிறகு அவள் அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை, மறுநாள் வழக்கம்போல வாசலில் நின்றுதான் பேசினாள். ஆனால் அன்றைக்கு அந்தக் கை முதுகில் இருந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன் செல்போனைத் தூக்கினான். அன்பரசு போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினான். பாட்டு முடிகிறவரைக்கும் பிடித்த பிடியை விடவில்லை. இது பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் முத்தம்மாளுக்குத் தெரியும்.

எரித்துவிட்டு வந்து குழாயடியில் ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தபோது, முத்தம்மாள் சுனிலுக்குத் துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“நல்ல வேளைப்பா, ஐயோன்னு வாயத் தொறந்து அழுதுட்டா.”

சுனில் தலையை ஆட்டினான். “ஐயோ இல்லம்மா. ஆயோ.”

“அதான்.”

“அது வேற. எங்க பாஷையில ஆயோன்னா அம்மா. உங்களத்தான் அம்மா அம்மான்னு கூப்புட்டா.”

முறையைத் தானே தேடி எடுத்ததாக முத்தம்மாள் நினைத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. தெரியாமலே அதே முறையைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்.

லக்கானின் அண்ணன் வந்து சோனாமுனியை ஊருக்கு அழைத்துக்கொண்டு போனான். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வரைக்கும் முத்தம்மாள் கூடப் போனாள். ரயில் கிளம்பும்போது சோனாமுனி ஜன்னல் வழியாக ஆயோ என்றாள். முத்தம்மாள் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள், அதைக் கொடுத்து, “தாக்” என்றாள். இருவரும் சிரிக்கவில்லை.

அன்பரசு சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் முத்தம்மாளுக்குப் பயமாக இருந்தது. திட்டியிருந்தால் கூடத் தேவலாம். ஒவ்வொரு ஞாயிறும் அவன் பைக் சத்தம் கேட்கிற வரைக்கும் வாசலிலேயே நின்றாள். ஐப்பசி மழையில் ஒருநாள் அந்தச் சத்தம் கேட்கவில்லை. சுவேதாதான் போன் செய்தாள். வழியில் மாடு குறுக்கே வந்து பைக் சறுக்கிவிட்டது, நெற்றியில் அடி, தையல் போட்டிருக்கிறது, பயப்படும்படி ஒன்றும் இல்லை அத்தை என்றாள்.

நெற்றி என்றதும் முத்தம்மாளுக்குச் சத்தியம்தான் ஞாபகம் வந்தது. வேறு யார் என்ன சொன்னாலும் சரி, அது மழையில் சறுக்கியது இல்லை என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் விடிந்ததும் கடலூருக்குப் போய், அங்கிருந்து பஸ் மாறித் திருவந்திபுரம் போனாள். கெடிலத்தில் முங்கி எழுந்து, படியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து கொடுத்தாள். நரைத்தும் நரைக்காமலும் இடுப்பு வரைக்கும் இருந்த முடி. மாரடித்துப் பாடும்போது அவிழ்ந்து விழுந்து, செல்போனில் எல்லோரும் பார்த்துச் சிரித்த முடி. மழித்து முடித்ததும் தேவநாத சாமி இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

நெற்றிக் கட்டோடு வந்த அன்பரசு வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் கட்டை அவள் பார்த்தாள், அவள் மொட்டைத் தலையை அவன் பார்த்தான்.

“என்னம்மா இது? யாருக்கு வேண்டுதல்?”

“உனக்குத்தான்.”

“எனக்கு என்னா?”

“உன் தலமேல வச்ச சத்தியத்த நான்தானடா மீறனேன். சாமி உன் தலைய எடுத்துக்க வந்துச்சு. அதான் எந்தலைய எடுத்துக்கன்னு குடுத்துட்டு வந்துட்டன்.”

படித்தவன், கணக்கு வாத்தியார், இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கலாம். மாட்டையும் மழையையும் சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவும் இல்லை. சத்தியத்தை அவன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, கேட்கிற தைரியம் அவளுக்கும் இல்லை. அதனால் அது அப்படியே இருந்தது. கார்த்திகையில் பக்கத்து வீட்டுச் சாவுக்கு முத்தம்மாள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. முத்தம்மாளுக்கு முடி கட்டை விரல் அளவு வளர்ந்திருந்தது. அன்பரசின் நெற்றியில் தழும்பு காய்ந்து கோடாகிவிட்டது. அவள் வாசலில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவன் எழுந்து வந்தான்.

“சோனாமுனிம்மா. ஆயோ ஆயோன்னுதான் சொல்றா. உன்னத்தான் கூப்புடுறா. வேற ஒண்ணும் வெளங்கல.”

முத்தம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக் காதில் வைத்தாள். அங்கே கூட்டமாகச் சத்தம். அதற்குள் அந்தக் குரல். மேலே ஓர் இடத்தில் தொடங்கியது, படிப்படியாக இறங்கியது, ஆயோ என்று வந்து நின்றது. மறுபடி மேலே போனது. அந்த மெட்டை முத்தம்மாள் மறக்கவில்லை.

“இது என்னக் கூப்புடுறது இல்லடா” என்றாள். “இது அழுவுறது. அவளப் பெத்தவ போயிட்டா.”

“உனுக்கு எப்புடித் தெரியும்?”

“கேளேன். பெத்தவ இருந்தா அவ மடியில உழுந்து அழுவா, எனக்கா போன் போடுவா?”

அவன் குனிந்து கேட்டான். அவனுக்கும் தெரிந்தது. தாயை இழந்தவள், இருக்கிற இன்னொரு தாய்க்குப் போன் போட்டு, அதே சொல்லைச் சொல்லி அழுகிறாள். ஒரு சொல்தான். யாருக்குச் சொல்கிறாள் என்று பிரிக்க முடியவில்லை.

அந்தப் பக்கம் மூச்சு முடிந்தது. எடுக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. முத்தம்மாளின் வாய் திறந்தது, அப்படியே மூடிக்கொண்டது. அவள் கண் மகனின் நெற்றித் தழும்பில் நின்றது. போனில் கொஞ்ச நேரம் வெறும் மூச்சு மட்டும் கேட்டது.

அன்பரசு அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினான். அணைக்கப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். ஸ்பீக்கரைப் போட்டுத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்தான். மீன் வாடை போகாத அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

“பாடும்மா” என்றான்.

“டேய், இது…”

“நான்தானே வச்சன். நான்தான் எடுக்கணும். பாடு, அவ காத்துக்கினு இருக்கா.”

முத்தம்மாள் கையை அவன் தலையிலிருந்து எடுக்கவில்லை. போனின் பக்கம் குனிந்து, “எம்மவளே” என்று எடுத்தாள்.